பாஸ்டன் தேநீர் விருந்து: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வரும்போதெல்லாம் என் மாலை வகுப்பில் இதே கேள்விகள்தான் வந்து விழுகின்றன. பாடப்புத்தகத்தில் இந்தச் சம்பவம் சில வரிகளில் முடிந்துவிடும். கப்பல், தேயிலை, வேடம், வரி எல்லாம் அதற்குள்ளேயே அடைபட்டிருப்பதால் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சார், நிஜமாவே அன்னைக்கு என்னதான் நடந்தது?

1773 டிசம்பர் 16, வியாழக்கிழமை இரவு. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மாசசூசெட்ஸ் காலனியின் பாஸ்டன் துறைமுகம். கிரிஃபின் துறையில் டார்ட்மத், எலனார், பீவர் என்ற மூன்று கப்பல்கள் நின்றிருந்தன. மூன்றிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை இருந்தது. நூறிலிருந்து நூற்றைம்பது பேர் வரை கோடாலிகளோடு ஏறி, பெட்டிகளை மேல்தளத்துக்குத் தூக்கி, உடைத்து, தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். மூன்று மணி நேர வேலை.

பெட்டிகள் 342 என்று பொதுவாகச் சொல்வார்கள். 340 என்ற கணக்கும் உண்டு. எடை 92,000 ராத்தலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 42 டன். நஷ்டம் 9,659 பவுண்டு என்று கம்பெனி கணக்குக் காட்டியது. எடையையும் பணத்தையும் 'பவுண்டு' என்ற ஒரே சொல்லால் எழுதி மாணவர்கள் குழம்புவதால், எடைக்கு நம் தாத்தா காலத்து 'ராத்தல்' என்ற சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

விருந்துன்னு போட்டிருக்கே, யாரு யாருக்கு விருந்து வச்சாங்க?

யாரும் யாருக்கும் வைக்கவில்லை. அந்தப் பெயர் ஒரு கிண்டல். அதுவும் அந்தக் காலத்துக் கிண்டல்கூட அல்ல. நடந்த சமயத்தில் பாஸ்டன்காரர்கள் இதைத் 'தேயிலை அழிப்பு' என்றுதான் சொன்னார்கள். 'டீ பார்ட்டி' என்ற பெயர் அச்சில் பரவியது 1820, 1830-களில்தான். அப்போது அந்த இரவில் கலந்துகொண்டவர்களில் மிகச் சிலரே, தள்ளாத வயதில், உயிரோடு இருந்தார்கள். ஜார்ஜ் ஹ்யூஸ் என்ற ஏழைச் செருப்புத் தொழிலாளி அவர்களில் ஒருவர். அவருடைய நினைவுகள் 1834-லும் 1835-லும் புத்தகங்களாக வந்த பிறகு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

2009 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிய 'டீ பார்ட்டி' இயக்கம் வேறு. வரியையும் அரசின் செலவையும் எதிர்த்த வலதுசாரிகள், பழைய பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

'இந்தியர் வேடம்'னு இருக்கு. அப்போ வேட்டி கட்டிக்கிட்டா போனாங்க?

சிரிக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார். இங்கே 'இந்தியர்' என்றால் அமெரிக்கப் பழங்குடியினர். கொலம்பஸ் வந்து சேர்ந்த இடத்தை இந்தியப் பகுதி என்று நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பழைய புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்றும் எழுதும். தேயிலையைக் கொட்டியவர்கள் மோஹாக் என்ற பழங்குடியினர்போல வேடம் போட்டதாகச் சொன்னார்கள்.

வேடம் என்பதும் பெரிய வார்த்தை. முகத்தில் கரி, தோளில் ஒரு போர்வை. பலருக்கு அவ்வளவுதான். அடையாளம் தெரிந்தால் ராஜத்துரோக வழக்கு வரும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்று, 'நாங்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, இந்த மண்ணின் ஆட்கள்' என்று காட்டிக்கொள்ளும் ஆசை. நிஜமான மோஹாக் மக்களுக்கும் அந்த இரவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கொட்டினது நம்ம டீத்தூளா? நீலகிரியா, அசாமா?

இரண்டும் இல்லை, அத்தனையும் சீனத் தேயிலை. அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்ததே 1839-ல்தான். நீலகிரித் தோட்டங்கள் அதற்கும் பிறகு. 1773-ல் கம்பெனி சீனாவின் காண்டன் துறைமுகத்தில் வாங்கி, லண்டனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அனுப்பிய சரக்குதான் பாஸ்டனில் மிதந்தது. பெரும்பகுதி பொஹியா என்ற கறுப்புத் தேயிலை. சிங்லோ, ஹைசன் என்ற பச்சைத் தேயிலைகளும் அதில் இருந்தன.

டீ வரியை ஏத்தினதாலதானே கோபம் வந்தது?

இந்த ஒரு தவறான பதிலை எழுதாமல் இருந்தால் போதும், நான் இந்தப் பக்கத்தை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். 1773-ன் தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவில்லை. தேயிலையின் விலையைக் குறைத்தது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். 1765-ல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே ரத்தானது. 1767-ல் டவுன்ஷெண்ட் சட்டங்கள் கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றின் மேல் வரி போட்டன. மறுபடி புறக்கணிப்பு. 1770-ல் மற்ற வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ராத்தலுக்கு 3 பென்ஸ். 'வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று காட்டுவதற்காகவே வைத்த வரி அது.

1773 மே மாதம் வந்த சட்டம் அந்த 3 பென்ஸைத் தொடவில்லை. அது செய்தது வேறு. அதுவரை கம்பெனி லண்டனில் ஏலம் விட, அங்குள்ள வியாபாரிகள் வாங்கி அமெரிக்க வியாபாரிகளுக்கு விற்றார்கள். இனிமேல் கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தானே தேர்ந்தெடுத்த முகவர்கள் மூலம் விற்கலாம். இங்கிலாந்தில் கட்டும் வரியும் திரும்பக் கிடைக்கும் என்று ஆனது. நடுவில் இருந்த கைகளெல்லாம் போனதால் விலை இறங்கியது.

விலை குறைஞ்சா சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுக்கு ஏன் கடல்ல கொட்டணும்?

சரியான கேள்வி. இங்கேதான் பாடமே இருக்கிறது. கோபக்காரர்கள் ஒரே ரகம் இல்லை. முதல் ரகம் வியாபாரிகள். முகவர் உரிமை யாருக்குப் போனது என்று பாருங்கள்: பாஸ்டனில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மற்ற வியாபாரிகள் வயிற்றில் அடி. இன்று தேயிலை, நாளை எதுவோ என்ற பயமும் அவர்களுக்கு வந்தது.

இரண்டாம் ரகம் கடத்தல்காரர்கள். மரியாதையாக உட்கார்ந்து பாடம் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் குடித்த தேநீரில் பெரும்பங்கு டச்சுக்காரர்களிடமிருந்து வரி கட்டாமல் வந்த சரக்கு. கம்பெனித் தேயிலை அதைவிட மலிவாகிவிட்டால் அந்தத் தொழில் படுத்துவிடும்.

மூன்றாவது, கொள்கைக்காரர்கள். மலிவு என்று வாங்கிக் குடித்தால் 3 பென்ஸ் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும், இது தூண்டில் புழு என்றார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 92,000 ராத்தலுக்கும் வரி கட்டியிருந்தால் மொத்தம் சுமார் 1,150 பவுண்டுதான் ஆகியிருக்கும் (அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ்). அழித்த சரக்கின் மதிப்போ அதைப்போல எட்டு மடங்கு. பணத்துக்காக மட்டும் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

'பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை'ன்னு மனப்பாடம் பண்ணிட்டேன், அர்த்தம் புரியல.

லண்டன் நாடாளுமன்றத்துக்குக் காலனிகளிலிருந்து ஒரு உறுப்பினர்கூட கிடையாது. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை எங்கள் பையில் எப்படிக் கைவிடலாம் என்பதுதான் கேள்வி. அவரவர் காலனியின் சட்டசபை போடும் வரியை அவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 'வரியே வேண்டாம்' என்று எழுதிவிடாதீர்கள்.

கம்பெனிக்கு எப்படிப் பணக்கஷ்டம் வந்தது? நம்ம நாட்டைத்தான் சுரண்டிக்கிட்டு இருந்தாங்களே?

சுரண்டிய பணம் கம்பெனி ஊழியர்களின் பைக்குள் போனது. கம்பெனியின் கஜானாவுக்கு அவ்வளவாக வரவில்லை. 1767 முதல் பிரிட்டிஷ் அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கட்ட வேண்டும். ஹைதர் அலியோடு போர் நடத்திய செலவு வேறு. அவர் சென்னையின் வாசல் வரை வந்து 1769-ல் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். அந்தப் போரின் செய்தி லண்டனுக்கு எட்டியபோது கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அப்புறம் 1770-ன் வங்காளப் பஞ்சம். 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி வந்து வங்கிகள் ஆடின. கிடங்குகளிலோ ஒன்றே முக்கால் கோடி ராத்தல் வாக்கில் தேயிலை விற்காமல் கிடந்தது.

அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. பதிலுக்குக் கம்பெனியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தது. அந்தக் கயிறுதான் நீங்கள் இந்திய வரலாற்றில் படிக்கும் 1773-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம். வாரன் ஹேஸ்டிங்ஸை கவர்னர் ஜெனரல் ஆக்கிய அதே சட்டம். தேயிலைச் சட்டமும் அதே ஆண்டு, அதே நெருக்கடியில் பிறந்தது. இரண்டையும் வேறு வேறு பாடத்தில் படிப்பதால் யாருக்கும் இது தட்டுப்படுவதில்லை.

அமெரிக்கர்களுக்கு மட்டும் அன்றே தட்டுப்பட்டது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773 நவம்பரில் எழுதிய கடிதமொன்றில், ஆசியாவில் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் சாகக் காரணமான கம்பெனி இப்போது நம் பக்கம் திரும்புகிறது என்று எச்சரித்தார்.

வேண்டாம்னா கப்பலைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே?

நியூயார்க்கும் பிலடெல்ஃபியாவும் அதைத்தான் செய்தன. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இறக்கிப் பூட்டிவைத்தார்கள். பாஸ்டனில் ஆளுநர் மசியவில்லை. அவருடைய மகன்கள் முகவர்கள் என்று மேலே சொன்னது நினைவிருக்கிறதா?

டார்ட்மத் வந்தது நவம்பர் 28. துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பல் 20 நாளுக்குள் சுங்கம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அந்தக் கெடு டிசம்பர் 17. பறிமுதல் செய்து விற்றுவிட்டால் தேயிலை ஊருக்குள் வந்துவிடும், வரியும் வசூலாகிவிடும். சுங்கம் கட்டாமல் கப்பல் வெளியேறவும் அனுமதி இல்லை. தப்பித்துப் போக நினைத்தால் துறைமுகக் கோட்டையில் பீரங்கிகள். டார்ட்மத்தின் உரிமையாளர் பிரான்சிஸ் ராட்ச் இரண்டு பக்கமும் அடிபடும் மத்தளம்போல ஆனார். 16-ம் தேதி அவர் மில்டனில் இருந்த ஆளுநர் வீட்டுக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது.

அப்புறம், இவை பிரிட்டிஷ் அரசுக் கப்பல்கள் இல்லை. ராட்ச் குடும்பம் அமெரிக்கக் குடும்பம், பீவரும் அவர்களுடையது. எலனார் ஜான் ரோ என்ற பாஸ்டன் வியாபாரியுடையது.

சாமுவேல் ஆடம்ஸ் சைகை கொடுத்தார், உடனே கிளம்பிட்டாங்கன்னு படிச்சேன். உண்மையா?

ஓல்டு சவுத் கூட்ட அரங்கில் அன்று ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். ராட்ச் திரும்பி வந்து பதிலைச் சொன்னதும், 'நாட்டைக் காக்க இந்தக் கூட்டத்தால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று பாஸ்டன் எதிர்ப்பாளர்களின் தலைவர்களில் ஒருவரான ஆடம்ஸ் சொன்னதாகவும், அதுவே ரகசியச் சைகை என்றும் கதை. நேரில் இருந்தவர்களின் குறிப்புகளைப் பார்த்தால், அவர் பேசியதற்கும் வெளியே கூச்சல் கிளம்பியதற்கும் நடுவில் கால் மணி நேரம்போல ஆகியிருக்கிறது. கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்கவே தலைவர்கள் முயன்றார்களாம். சைகை என்பது பின்னால் சேர்ந்த சுவை என்றே எனக்குத் தோன்றுகிறது. தேர்வில் எழுத வேண்டாம்.

யாராவது செத்தாங்களா? கிடைச்ச சாக்குல திருடினாங்களா?

ஒருவரும் சாகவில்லை. ஜான் கிரேன் என்பவர் மேல் கப்பலின் உள்ளே கனமான ஏதோ விழுந்து மூர்ச்சையானார். செத்துவிட்டார் என்று நினைத்து, பக்கத்துத் தச்சுப்பட்டறையில் மரச்சீவலைப் போட்டு மூடிவைத்தார்கள். அப்புறம் எழுந்துவிட்டார்.

திருட்டு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். அங்கி உள்துணிக்குள் தேயிலையை அள்ளிப்போட்ட ஒருவரைப் பிடித்து, சட்டையைக் கிழித்து, அடித்துத் துரத்தினார்கள். உடைந்த ஒரு பூட்டுக்குப் பதிலாகப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். தேயிலையைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்பது உத்தரவு. எனக்குப் பிடித்த விவரம் வேறு: அது கடல் வற்றிய நேரம். கொட்டிய தேயிலை முழுகாமல் வைக்கோல்போர்போலக் கப்பலோரம் குவிந்துவிட்டது. சின்னப் பையன்களை இறக்கிக் கிளறிவிடச் செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்கத் தலைவர்கள் எல்லாருமே பாராட்டியிருப்பாங்கதானே?

இல்லை. பின்னாளில் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் மறுநாளே தன் நாட்குறிப்பில் புகழ்ந்து, இது வரலாற்றில் ஒரு திருப்பம் என்று எழுதினார். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் 1774-ல் எழுதிய கடிதத்தில், தேயிலையை அழித்ததை ஆதரிக்கவில்லை, இருந்தாலும் பாஸ்டனுக்கு வந்த கஷ்டம் நம் எல்லோருக்கும் வந்த கஷ்டம் என்றார். பெஞ்சமின் பிராங்ளின் கம்பெனிக்கு ஈடு கொடுத்துவிடலாம் என்றார். யாரும் கொடுக்கவில்லை.

அதே ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய கதை ஒன்று. 1774 கோடையில் நீண்ட பயணம் செய்து களைத்துப்போய் ஒரு விடுதியில் இறங்கி, 'ஒழுங்காகக் கடத்தி வந்த, வரி கட்டாத தேயிலையாக இருந்தால் ஒரு கோப்பை குடிக்கலாமா அம்மா?' என்று கேட்டிருக்கிறார். 'இங்கே நாங்கள் தேநீரையே விட்டுவிட்டோம் ஐயா, காப்பி வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்' என்றாராம் விடுதிக்கார அம்மா.

பாஸ்டன் படுகொலையும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. படுகொலை 1770 மார்ச் 5-ல் நடந்தது. கூட்டத்தின் மேல் படைவீரர்கள் சுட்டு 5 பேர் இறந்தார்கள். அந்த வீரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் மேலே சொன்ன ஜான் ஆடம்ஸ்தான்.

இதுக்கு பிரிட்டன் என்ன பண்ணுச்சு?

அளவுக்கு மீறி அடித்தது. 1774-ல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. ஈடு கொடுக்கும்வரை பாஸ்டன் துறைமுகம் ஜூன் 1 முதல் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் சுயாட்சி பறிக்கப்பட்டது. வழக்கில் சிக்கும் அரசு அதிகாரிகளை வெளியூரில் விசாரிக்க வழி செய்யப்பட்டது. படைவீரர்கள் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. இவற்றைத்தான் பாடப்புத்தகங்கள் 'சகிக்க முடியாத சட்டங்கள்' என்கின்றன.

ஒரு ஊரைத் தனிமைப்படுத்தி மற்றவர்களைப் பயமுறுத்தலாம் என்பது கணக்கு. பலித்தது நேர்மாறாக. மற்றக் காலனிகள் பாஸ்டனுக்குத் தானியம் அனுப்பின. 1774 செப்டம்பரில் ஜார்ஜியாவைத் தவிர 12 காலனிகள் பிலடெல்ஃபியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19-ல் லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிச் சத்தம். 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். தேயிலையைக் கொட்டியதைவிட அதற்குக் கொடுத்த தண்டனைதான் போரைக் கொண்டுவந்தது என்று எழுதினால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

அடிமைகளை வச்சிருந்தவங்களே சுதந்திரம் பேசினாங்களே, அது எப்படி?

பேசினார்கள். டார்ட்மத் கப்பலில் தேயிலை மட்டும் வரவில்லை. லண்டனில் அச்சான ஒரு கவிதைப் புத்தகத்தின் பிரதிகளும் அதே பயணத்தில் வந்தன. எழுதியவர் ஃபில்லிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, 1761-ல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். அந்த 1773-ம் ஆண்டு கடைசியில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. ஒரே கப்பலில் இரண்டு சரக்கு. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பழைய ரோம வரலாறு எதுக்கு இந்தப் பாடத்துல வருது?

படித்த அமெரிக்கர்களுக்கு லத்தீன் நம் வீட்டுப் புராணம்போல. ஆளுநருக்குப் பயந்து புனைபெயரில் எழுதும்போது ரோமப் பெயர்களையும் லத்தீன் சொற்களையும் எடுத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன டிக்கின்சனின் கடிதம் 'ரஸ்டிகஸ்' என்ற பெயரில் வந்தது. லத்தீனில் நாட்டுப்புறத்தான் என்று பொருள். சாமுவேல் ஆடம்ஸ் 'விண்டெக்ஸ்' என்ற பெயரில் எழுதினார். ரோமில் சின்சினாட்டஸ் என்பவர் ஏர் உழுதுகொண்டிருந்தவர், ஆபத்தில் சர்வாதிகாரியாக்கப்பட்டு, வென்றதும் பதவியை விட்டு மறுபடி ஏர் பிடிக்கப் போனார் என்பது கதை. 1783 டிசம்பரில் தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்த வாஷிங்டனை அவரோடு ஒப்பிட்டார்கள். சின்சினாட்டி என்ற ஊர்ப்பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

கார்ன்வாலிஸ் ரெண்டு பாடத்துலயும் வர்றாரே, ஒரே ஆளா?

ஒரே ஆள்தான், பிரிட்டிஷ் தளபதி. 1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் அவருடைய படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. 1786-ல் அவரே இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரல். 1792-ல் திப்பு சுல்தானைத் தோற்கடித்துத் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் மறப்பதில்லை.

அந்த டீத்தூள்ல கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?

இருக்கிறது. மறுநாள் காலை டார்செஸ்டர் கரையில் ஒதுங்கிய இலைகளை யாரோ பொறுக்கி எடுத்து வைத்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் அது பாஸ்டனின் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. கிரிஃபின் துறையைத் தேடிப் போனால் கடல் கிடைக்காது. அந்த இடத்தை எப்போதோ மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள்.